அம்மாவின் இலையில் காலிஃப்ளவர்

கார்த்திகை பிறந்துவிட்டால் தூத்துக்குடி காமராஜ் காய்கறிச் சந்தையில் வெள்ளைப் பூக்களின் குவியல் தொடங்கிவிடும். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் இரவோடிரவாக வந்து இறங்கும் காலிஃப்ளவர், விடியற்காலையில் பச்சை இலைகளுக்கு நடுவே பளீரென்று சிரித்துக்கொண்டிருக்கும். அதே நாட்களில்தான் எங்கள் ஊரில் ஐயப்பனுக்கு மாலை அணிவோரின் சரணகோஷமும் ஒலிக்கத் தொடங்கும். மீனும் கருவாடும் மணக்கும் துறைமுக நகரத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்படி ஒரு மண்டலம், அதாவது 41 நாட்கள், முழுச் சைவமாக மாறும். "இன்றைக்கு என்ன காய் வைப்பது?" என்று இல்லத்தரசிகள் கேட்கும் கேள்விக்கு, சந்தை தரும் விடைகளுள் ஒன்று இந்தப் பூ.

ஆயினும் வயதில் மூத்த பக்தர்கள் பலர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களின் தயக்கத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை மதித்தபடியே இந்தக் காயை வீட்டில் எப்படிச் சுவையாகச் சமைக்கலாம் என்பதை என் தாயார் எனக்குக் கற்றுத் தந்தார்கள். அடுப்பருகே நின்று கற்றுத் தரவில்லை. ஆட்சேபம் சொல்லியே கற்றுத் தந்தார்கள்.

அறுபதில் தொடங்கிய அடுப்படிப் பாடம்

நான் அரசுடைமை வங்கி ஒன்றில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஆண்டு. கோவில் படியில் கால் இடறி விழுந்ததில் என் மனைவியின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுடன் அமர்ந்திருந்த அவளுக்கும், 84 வயதான அம்மாவுக்கும் சமைத்துப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சாதம் வடிக்கத் தெரியும். ரசம் ஒருவாறு வரும். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

அம்மா வெங்காயம், பூண்டு தொட மாட்டார்கள். பற்கள் பெரும்பாலும் போய்விட்டன. நாவின் சுவையும் குறைந்துவிட்டது. "எதைத் தின்றாலும் சக்கையாட்டம் இருக்கு ஐயா" என்று தட்டை நகர்த்திவிடுவார்கள். முதுமையில் பசி குறைவது இயல்புதான் என்றாலும், நாளுக்கு நாள் தாயின் உணவு சுருங்குவதைப் பார்ப்பது மகனுக்கு எளிதன்று.

பணிக்காலத்தில் மூன்று குளிர்காலங்களை நான் லக்னோவில் கழித்தவன். அங்கே அதன் பெயர் ஃபூல்கோபி. உருளைக்கிழங்கும் இஞ்சியும் சேர்த்து, வாயில் கரையும்படி அங்குள்ள சமையற்காரர் வதக்கித் தருவார். அந்த நினைவில் ஒருநாள் ஒரு பூவை வாங்கி வந்து அடுப்படி மேடையில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்னத்துக்கு ஐயா? புழு இருக்கிற காய். வேகும்போது ஒரு வாடை. தின்றால் வயிறு ஊதும். சாமிக்கும் ஆகாதது. நமக்கு எதுக்கு?"

கடன் விண்ணப்பங்களுக்கு மேலதிகாரி எழுதும் ஆட்சேபக் குறிப்புகளை ஆயுள் முழுவதும் பார்த்தவன் நான். ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியே பதில் சொன்னால்தான் கோப்பு நகரும். அம்மா சொன்ன நான்கில் முதல் மூன்றுக்கும் அடுப்படியிலேயே விடை கிடைத்தது. நான்காவதைக் கடைசியில் சொல்கிறேன்.

இருநூறு ஆண்டு விருந்தாளி

இந்தக் காய் நம் மண்ணுக்குப் புதியது. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் தோன்றி, ஐரோப்பாவில் பரவி, 1822-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து விதையாக இந்தியாவுக்கு வந்தது. வட இந்தியாவில் சகாரன்பூரிலிருந்த கம்பெனித் தோட்டத்தில், டாக்டர் ஜெம்சன் என்பவரின் பொறுப்பில் முதலில் பயிரானது. முட்டைக்கோசின் உறவினம், பூக்கோசு என்று தமிழில் சொல்வதும் அதனால்தான். நாம் உண்ணும் வெண்மையான பகுதி மலர்ந்த பூவன்று. பூவாக விரிவதற்கு முன் நெருங்கித் திரண்டு நிற்கும் மொட்டுத் திரள். வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும் என்பதற்காக, உழவர்கள் அதன் இலைகளையே மேலே மடித்து மூடிக் காப்பார்கள்.

நம் முன்னோரின் பத்தியப் பட்டியலில் இதன் பெயர் இல்லாததற்கு இந்தப் புதுமையே காரணம். அயலிலிருந்து வந்ததெல்லாம் ஆகாது என்று நம் வீடுகள் ஒதுக்கிவிடவும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் கால்பதித்த போர்த்துக்கீசியர்தாம் மிளகாயையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள். இன்று மிளகாய் இல்லாத குழம்பு எத்தனை வீடுகளில் உண்டு?

முதல் ஆட்சேபம்: புழு

சைவ உணவு உண்போர்க்கு இது முதன்மையான கவலை. பூவின் காம்புகள் பிரியும் இடுக்குகளில் சிறு பச்சைப் புழுக்கள் ஒளிந்திருக்கும். பலரும் செய்வது, பூவை அப்படியே கொதிக்கும் நீரில் போடுவது. அம்மா அதைத் தடுத்தார்கள். "வெந்நீரில் போட்டால் புழு அதுக்குள்ளேயே செத்துப் போகும். பாவமும் நமக்கு, புழுவும் நம்ம வயித்துக்கு" என்றார்கள். அன்று அவர்கள் சொல்ல, நான் வகுத்துக்கொண்ட முறை இது.

வாங்கும்போதே இறுக்கமாக, கரும்புள்ளிகள் இன்றி, இலை வாடாமல் இருக்கும் பூவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இலைகளை நீக்கி, பூவைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். பிறகு சிறு சிறு கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு, நாற்காலியில் அமர்ந்து, ரூபாய் நோட்டு எண்ணுவதுபோல் இதைச் செய்வேன்.

அடுத்து, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் கரைத்து, கொத்துகளை அதில் 15 நிமிடம் ஊறவிட வேண்டும். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து அளங்களில் விளைவது. மறைந்திருக்கும் புழு உப்பு நீரில் இடுக்கை விட்டு வெளியே வந்துவிடும். உடனே அதை ஒரு கரண்டியால் எடுத்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் விட்டுவிட வேண்டும். நல்ல நீரில் இருமுறை அலசிய பின்னரே வெந்நீர். அதிலும் இரண்டு நிமிடம் போதும்; உடனே வடித்துவிடலாம்.

மொத்தம் அரைமணி நேரம் பிடிக்கும். ஓய்வு பெற்றவர்களிடம் இல்லாத நேரமா?

இரண்டும் மூன்றும்: வாடையும் வாயுவும்

இந்தப் பூவில் கந்தகம் கலந்த பொருள்கள் உண்டு. நெடுநேரம் வேகவைக்க வேகவைக்க அந்த வாடை மிகும். ஆகவே குக்கரில் குழைய விடுவதும், நிறைய நீரில் மூடிபோட்டுக் கொதிக்க விடுவதும் தவறு. திறந்த பாத்திரத்தில், குறைந்த நீரில், ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். ஆவியில் வேகவைத்தால் இன்னும் நல்லது. இதிலுள்ள வைட்டமின் சி நீரில் கரைந்து வீணாவதும் குறையும். சமைக்காத 100 கிராம் பூவில் ஏறக்குறைய 48 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. 25 கலோரிதான் ஆற்றல். உடல் எடையைக் கவனிக்க வேண்டியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஏற்ற காய்.

வயிற்று உப்புசத்துக்கு நம் அடுப்படியிலேயே மருந்து இருக்கிறது. பெருங்காயம், சீரகம், இஞ்சி, மிளகு ஆகியவற்றுள் இரண்டாவது சேராமல் இந்தக் காயை முதியோருக்குச் சமைக்கக் கூடாது. இரவில் தவிர்த்து, பகல் உணவில் அளவாக உண்பது நலம். தைராய்டு குறைபாடு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் எவ்வளவு உண்ணலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

இனி, அம்மா விரும்பி உண்ட நான்கு பக்குவங்கள். எதிலும் வெங்காயம், பூண்டு இல்லை. அளவுகள் நான்கு பேருக்கானவை.

பாசிப்பருப்புக் கூட்டு

பாசிப்பருப்பு கால் கோப்பை, சுத்தம் செய்த பூ 300 கிராம், தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. பருப்பை மஞ்சள்தூள் சேர்த்து மலர வேகவைக்க வேண்டும். பூவைத் தனியே, சிறிது உப்பிட்டு, திறந்த பாத்திரத்தில் மெத்தென்று வேகவிட வேண்டும். தேங்காய், சீரகம், மிளகு மூன்றையும் விழுதாக அரைத்து, பருப்பும் பூவும் சேர்ந்த கலவையில் கலந்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் தெருமுனை வரை மணக்கும். பல் இல்லாதவர்கள்கூட நாவால் நசுக்கி உண்ணலாம். அம்மா முதலில் சம்மதித்த பண்டம் இதுதான்.

மிளகுப் பொரியல்

வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்த பூவை ஈரம் போக உலர விட வேண்டும். இருப்புச்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, பூவைப் போட்டு, மிதமான தீயில், மூடாமல், எட்டுப் பத்து நிமிடம் வதக்க வேண்டும். ஓரங்கள் பொன்னிறமானதும் உப்பும், புதிதாக இடித்த மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டியும் தூவிப் புரட்டினால் போதும். உப்பை முதலிலேயே போட்டால் நீர் விட்டு, பொரியல் குழைந்துவிடும். இந்தப் பொரியலுக்கு நான்கைந்து முறை தோற்றபின்தான் எனக்கு அது விளங்கியது. மாலை அணிந்திருக்கும் பிள்ளைகளுக்கு ரசம் சாதத்துடன் இதைக் கொடுத்துப் பாருங்கள்; வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.

சொதி

திருநெல்வேலிச் சீமையின் பெருமை சொதி. திருமணத்துக்கு அடுத்த மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் பரிமாறப்படுவது. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் போடும் இடத்தில் பாதி அளவுக்குக் காலிஃப்ளவரைச் சேர்க்கலாம். ஒரு தேங்காயில் கெட்டியான முதற்பால் ஒரு கோப்பை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, இரண்டாம், மூன்றாம் பாலில் காய்களை வேகவிட வேண்டும். பூவை மட்டும் மற்றக் காய்கள் முக்கால் பதம் வெந்த பிறகு போட வேண்டும். இஞ்சியையும் மூன்று பச்சை மிளகாயையும் அரைத்து விட்டு, வெந்து மசித்த பாசிப்பருப்பு ஒரு கையளவு சேர்த்து, கடைசியாக முதற்பாலை ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். சற்று ஆறிய பின்தான் எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் இருந்தால் அது வாயுவுக்கும் மருந்து.

இலைத் துவையல்

பூவை எடுத்துக்கொண்டு இலையையும் தண்டையும் குப்பையில் எறிவது வழக்கமாகிவிட்டது. அம்மா விடமாட்டார்கள். "காசு கொடுத்து வாங்கினதைக் குப்பையில் போடவா?" என்பார்கள். உள்பக்கத்து இளம் இலைகளையும், தோல் சீவிய தண்டையும் கழுவிப் பொடியாக நறுக்கினால் ஒரு கோப்பை தேறும். எண்ணெயில் உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் இரண்டு, பெருங்காயம் வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் இலையையும் தண்டையும் பச்சை வாடை போக வதக்க வேண்டும். சிறிது புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், உப்புடன் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். சுடுசாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்ண வேண்டும். இது எந்தக் காயின் துவையல் என்று கண்டுபிடித்தவர் இதுவரை எவரும் இல்லை.

பேரக்குழந்தைகள் வந்தால்

குழந்தைகள் கேட்பது பொரித்த காலிஃப்ளவர். கடைகளில் அதன் செந்நிறம் பெரும்பாலும் சாயத்தால் வருவது. செயற்கை நிறமிகளின் தீங்கைக் கருதி, கர்நாடக அரசு 2024 மார்ச் மாதத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. வீட்டில் செய்தால் அந்தக் கவலை இல்லை. கடலைமாவு மூன்று பங்கு, அரிசிமாவு ஒரு பங்கு, மிளகாய்த்தூள், பெருங்காயம், சிறிது ஓமம், உப்பு சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து, பூவைத் தோய்த்துப் பொரித்தால் போதும். நிறம் சற்று மங்கலாக இருக்கும். குழந்தைகள் முதல் நாள் மட்டும் கேட்பார்கள், மறுநாள் கேட்பதில்லை.

நான்காவது ஆட்சேபம்

"சாமிக்கு ஆகாதது" என்று அம்மா சொன்னதற்கு நான் எதிர்வாதம் செய்யவில்லை. பூரி ஜகந்நாதரின் மகாபிரசாதத்தில் இன்றளவும் உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசு, காலிஃப்ளவர் போன்றவை சேர்ப்பதில்லை. நம் பக்கத்திலும் பல வீடுகளில் திதி நாளன்று வாழைக்காய், புடலை, பாகல், அவரை, சேனை என்று நாட்டுக் காய்களே இலையில் இடம்பெறும். அந்தக் காய்களைக் கெட்டவை என்று பழிப்பதற்காக இந்த விதி ஏற்பட்டதன்று. தாத்தா படைத்ததையே தந்தையும், தந்தை படைத்ததையே மகனும் படைக்கும்போது, இலையின் முன் மூன்று தலைமுறையும் ஒன்றாய் நிற்கின்றன. புதியது அங்கே நுழைந்தால் அந்தத் தொடர்ச்சி அறுபடும். நான் புரிந்துகொண்டது இவ்வளவே.

அம்மாவும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அந்த மூன்று குளிர்காலங்களில் வாரம் இருமுறையாவது கூட்டு கேட்டு உண்டார்கள். சுருங்கிக்கொண்டே வந்த சாப்பாடு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று திரும்பி வளர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பூசைக்கு வைக்கும் படையலில் அதை வைக்க ஒருநாளும் சம்மதிக்கவில்லை. "அது எனக்குப் போதும் ஐயா. சாமிக்கு வாழைக்காய் வை" என்பார்கள்.

87-ஆம் வயதில், ஒரு மாசி மாதத்தில், அம்மா இறைவனடி சேர்ந்தார்கள். மாசி என்றால் சந்தையில் காலிஃப்ளவர் மலிந்து கிடக்கும் காலம். முதலாண்டுத் திதிக்குக் காய் வாங்கச் சென்றபோது, வாழைக்காய்க் கடைக்கு நேரெதிரே அந்த வெள்ளைக் குவியல். அம்மாவின் பட்டியலில் இல்லாத காய். அம்மா கடைசியாக ஆசையோடு உண்ட காய். கையில் பையுடன் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பிரியப்பட்டதைப் படைக்காமல் வேறெதைப் படைப்பது என்று ஒரு மனம் கேட்டது. அம்மாவே ஒப்பாததை அம்மாவின் இலையிலேயே வைப்பதா என்று மறுமனம் கேட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "திதி அன்றைக்கு அத்தை சொன்னபடி செய்வோங்க. மறுநாள் அத்தைக்குப் பிடிச்சதை நாம சாப்பிடுவோம்" என்றாள்.

அப்படியே செய்தோம். திதி இலையில் வாழைக்காயும் புடலங்காயும். மறுநாள் காலையில் நான் கண்ணாடி அணிந்து நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு கொத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உப்பு நீரில் ஊறவைத்து, வெளியே வந்த ஒரு புழுவை முருங்கை மரத்தடியில் விட்டுவிட்டு, பாசிப்பருப்புக் கூட்டு வைத்தேன். மூன்று ஆண்டுகளாக இதுவே எங்கள் வீட்டு வழக்கம்.

உங்கள் வீட்டிலும் சாப்பாட்டைத் தட்டோடு நகர்த்திவிடும் மூத்தவர் ஒருவர் இருக்கக்கூடும். "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் ஆகாது என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணங்களுள் ஆண்டவனுக்கு உரியதை அப்படியே விட்டுவிட்டு, அடுப்படிக்கு உரியதை மட்டும் அரைமணி நேரம் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். அவர் தட்டில் ஒரு கரண்டி கூடினால், அந்த நாளின் பூசைப் பலன் அதுவே.